போள் வீடுகளைப் புதுப்பித்த கதை

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் பலருக்கும் பழக்கமான அனுபவம் ஒன்றுண்டு. கோடை விடுமுறைக்கு ஊர் செல்கிறோம். பாட்டனார் கட்டிய வீட்டின் முன் நிற்கிறோம். ஓடுகள் சரிந்திருக்கின்றன, உத்தரத்தில் கறையான் ஏறியிருக்கிறது, திண்ணைத் தூணின் அடிப்பகுதி கையால் தொட்டால் உதிர்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதையே செப்பனிடுவதா என்று பங்காளிகள் கூடிப் பேசுகிறோம். பேச்சு முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிடுகிறது. மறு ஆண்டு செல்லும்போது தூண் இன்னும் சற்று உதிர்ந்திருக்கிறது.

தஞ்சைப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஒருவாறு முடிவுக்கு வந்தது. ஆனால் நல்ல முடிவுக்கு அன்று. திருடர் பயமும் மழைச் சாரலும் தொல்லை தருகின்றன என்று முற்றத்தைக் கான்கிரீட் தளத்தால் மூடினோம். பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசினோம். வேலை எடுத்த மேஸ்திரி, 'இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை' என்றார். ஐந்தாம் ஆண்டில் சுவருக்குள் புதைந்திருந்த உத்தர முனைகள் இற்றுப்போயின. பட்டப்பகலிலும் கூடத்தில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. பிழை மேஸ்திரியுடையது மட்டுமன்று. அருகில் நின்று தலையாட்டிய எனக்கும் அதில் பங்குண்டு.

பின்னர் அலுவல் நிமித்தமாகச் சில ஆண்டுகள் நான் அகமதாபாத்தில் வாழ நேர்ந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்த பிழை என்ன என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த நகரத்தின் பழைய வீடுகள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு தேய்ந்தன, அவற்றைப் பழைமை குன்றாமல் புதுப்பிக்கும் முயற்சி எவ்வாறு தொடங்கியது என்பவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் 1411-ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா இந்நகரத்தை நிறுவினார். பத்ரா கோட்டையும், 1424-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஜும்மா மசூதியும், அவற்றுக்கு இடையே மூன்று வளைவுகளைக் கொண்ட தீன் தர்வாஜா என்னும் வாயிலும் ஆகியவை அரசர் தந்த நகரம். ஆனால் அரசர் கட்டியது நகரத்தின் எலும்புக்கூடு மட்டுமே. தசையும் குருதியும் குடிமக்கள் கட்டிக்கொண்டவை. அவைதாம் 'போள்' எனப்படும் குடியிருப்புகள்.

'போள்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பாளனுக்குச் சொல்லைக் கண்டால் நின்றுவிடும் வழக்கம் உண்டு. வடமொழியில் வாயிலைக் குறிக்கும் 'பிரதோலி' என்னும் சொல்லே பிராகிருதத்தில் தேய்ந்து 'போள்' ஆயிற்று என்பர். குஜராத்தியில் நம் மொழியைப் போலவே ளகரம் உண்டு. இந்திப் பேச்சில் அது இல்லை. ஆகவே தில்லி நண்பர்கள் இச்சொல்லைப் 'போல்' என்றே உச்சரிப்பார்கள். தமிழன் வாயில் அது முதல் நாளே சரியாக வந்துவிடும். அகமதாபாத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இந்த ளகரத்திற்காகவே.

போள் என்பது ஒரு தெரு மட்டுமன்று. பெரிய மரக்கதவு கொண்ட ஒரே வாயில். அதன் மேல் காவற்காரனுக்கு ஓர் அறை. உள்ளே கிளை கிளையாகப் பிரியும் சந்துகள். அவற்றின் இருமருங்கும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வீடுகள். நடுவில் கோயில், கிணறு, ஊர்ச்செய்தி எழுதும் கரும்பலகை, பறவைகளுக்குத் தானியம் இடும் 'சபூத்ரோ' என்னும் மரக்கம்பம். இவை யாவும் சேர்ந்ததே போள். பெரும்பாலும் ஒரே குலத்தாரோ ஒரே தொழிலினரோ ஒரு போளில் வாழ்ந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் முகலாயர்க்கும் மராட்டியர்க்கும் இடையே நகரம் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில், இரவில் வாயிற்கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்போர்க்கு அச்சமில்லை. ஆபத்துக் காலத்தில் ஒரு போளிலிருந்து மற்றொன்றுக்குத் தப்பிச் செல்லச் சிறு வழிகளும் இருந்தன. போளின் பஞ்சாயத்தே வாயிலைப் பழுதுபார்த்தது, வழக்குகளைத் தீர்த்தது, வீட்டை அயலாருக்கு விற்பதானால் அதன் இசைவைப் பெற வேண்டியிருந்தது. ஐந்தரைச் சதுரக் கிலோமீட்டர் அளவே உள்ள மதில் நகருக்குள் ஏறக்குறைய 600 போள்கள் எழுந்தன.

இனி வீட்டினுள் செல்வோம். தெருவை ஒட்டி 'ஓட்லோ'. அது நம் திண்ணையேதான். மாலையில் முதியவர்கள் அங்கே அமர்வதும், காய்கறி விற்பவளோடு பேரம் பேசுவதும், எதிர் வீட்டுக்காரரின் கடிதத்தை அவருக்கு முன்னரே படித்துவிடுவதும் நமக்குப் புதியவை அல்ல. அதைக் கடந்தால் 'கடக்கி' என்னும் ரேழி. அடுத்து 'சோக்' என்னும் திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண்களோடு கூடிய தாழ்வாரம். அதற்குப் 'பர்சாள்' என்று பெயர். அப்பால் 'ஓரடோ' என்னும் உள்ளறை. முற்றத்தை ஒட்டிச் சமையலறையும், செப்புக் குடங்களை அடுக்கி வைக்கும் 'பாணியாரு' என்னும் தண்ணீர் மாடமும் அமைந்திருக்கும். மாடியில் ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிடச் சற்று வெளியே நீண்டிருக்கும். அதைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளில் கிளி, மயில், யாழி, கொடி, மலர் எனச் சிற்பங்கள் நிறைந்திருக்கும். வெள்ளையர் ஆட்சி வந்தபின் கட்டிய வீடுகளில் கிரேக்கத் தூண்தலைகளும், இறகு முளைத்த தேவதைகளும்கூட இடம் பெற்றன. தச்சன் தான் கண்டதையெல்லாம் செதுக்கினான். மரபு கெட்டுவிடுமே என்று அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

முற்றத்தின் அடியில்தான் இந்த வீட்டின் உயிர் இருந்தது. அங்கே 'டாங்கு' என்னும் நிலத்தடித் தொட்டி ஒன்று, சுண்ணாம்பு பூசி, நீர் கசியாமல் கட்டப்பட்டிருக்கும். ஆடி ஆவணி மழையில் முதல் நீரைக் கூரையைக் கழுவி வெளியே ஓடவிட்டு, அதன்பின் பெய்வதைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் இறக்குவார்கள். சுமார் 25,000 லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் சாதாரணமாக இருந்தன. கிணற்று நீர் உவர்ப்பாக இருந்த நகரத்தில், குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆண்டுக்குப் போதுமான இனிய நீர் ஒவ்வொரு வீட்டின் அடியிலும் ஒளி படாமல், கெடாமல் கிடந்தது. 1890-களில் நகராட்சிக் குழாய் நீர் வரத் தொடங்கியதும் தொட்டியை மறப்பவர்கள் பெருகினர்.

வீட்டின் கட்டுமானமும் குறிப்பிடத் தக்கது. பருத்த செங்கற்சுவர்களின் நடுவே, குறிப்பிட்ட உயரங்களில், நெடுக்காக மரவிட்டங்கள் பதிக்கப்பட்டன. முகப்பு முழுவதும் மரச்சட்டகம். இணைப்புகளில் ஆணியைவிட மரமுளையும் பொருத்துவாய்களுமே மிகுதி. நிலம் நடுங்கினால் இவ்வகை வீடு சற்றே ஆடி, முனகி, மீண்டும் நிலைக்கு வரும். 1819-ஆம் ஆண்டுக் கச்சு நிலநடுக்கத்தில் ஜும்மா மசூதியின் உயர்ந்த மினார்கள் சரிந்தன. ஆனால் மரவீடுகள் பலவும் நின்றன. 2001 ஜனவரி 26 அன்று காலை மீண்டும் அதே கச்சு நாட்டில் பூமி நடுங்கிற்று. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வண்டி நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தை வெறும் தூண்களாக விட்டு, அதன்மேல் அடுக்கிய புதிய கான்கிரீட் மாடிகளில் வாழ்ந்தவர்கள். பழைய நகரத்தின் மரவீடுகள் ஓடு உதிர்த்து, பூச்சு வெடித்து, நின்றுகொண்டன. 'பழைய வீடு என்றால் பலவீனமான வீடு' என்று சொல்லி வந்தவர்கள் அன்று சற்று மௌனமாயினர்.

மரம் எங்கிருந்து வந்தது? தென் குஜராத்தின் தாங், வல்சாடு காடுகளிலிருந்து தேக்கு வந்தது. பின்னர்க் கப்பல் வழியாகப் பர்மாத் தேக்கும் வந்தது. 1822-இல் காலுப்பூரில் எழுந்த சுவாமிநாராயணர் கோயிலின் மரவேலை பர்மாத் தேக்கினால் ஆனதே. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் அதே பர்மாவிலிருந்து வந்தவைதாம். காரைக்குடியிலிருந்து வந்த உறவினர் ஒருவரைக் காடியாப் பகுதியில் உள்ள ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அவர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊர்க்காரனைக் கண்டவர்போல் மகிழ்ந்தார்.

இனித் தேய்வின் வரலாறு. 1861-இல் ரஞ்சோட்லால் சோட்டாலாலின் முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஆலைப் புகைபோக்கிகள் நகரைச் சூழ்ந்தன. ஆலைப் பணம் முதலில் போள்களுக்குத்தான் வந்தது. மிக அழகிய முகப்புகள் பல அக்காலத்தில் எழுந்தவை. ஆனால் 1892-இல் சபர்மதியின்மீது எல்லிஸ் பாலம் இரும்பினால் அமைந்தபின், செல்வர்கள் ஒவ்வொருவராக ஆற்றைக் கடந்து மேற்குக் கரையில் தோட்டங்களோடு கூடிய பங்களாக்களைக் கட்டிக்கொண்டனர். போள் வீட்டில் குடியேறியவர் வாடகைதாரர். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக்கு நிழல் தந்தது. அது மறுக்க முடியாத நன்மை. ஆனால் அதே சட்டத்தால் வாடகை உறைந்து நின்றது. மாதம் சில ரூபாய் வாடகை வாங்கும் உரிமையாளர் ஓடு மாற்ற மாட்டார். தமக்குச் சொந்தமில்லாத வீட்டுக்குக் குடியிருப்பவரும் மாற்ற மாட்டார். இருவருக்கும் இடையே மழை தன் வேலையைச் செய்தது.

மதில்கள் இடிக்கப்பட்டன. போள்களின் நடுவே புதுச் சாலை வெட்டப்பட்டது. மொத்த வணிகம் பெருகவே கீழ்த்தளங்கள் துணிக் கிடங்குகளாயின. 1969, 1985, 2002 ஆகிய ஆண்டுகளின் வகுப்புக் கலவரங்களில் அஞ்சிய குடும்பங்கள் பூட்டைப் போட்டுவிட்டுப் புறநகருக்குச் சென்றன. பூட்டிய வீட்டுக்குப் பழம்பொருள் வணிகர் வந்தார். சாளரம் ஒரு விலை, சாய்வுக் கட்டை ஒரு விலை, கதவு ஒரு விலை. மும்பையிலும் தில்லியிலும் அயல்நாட்டிலும் செல்வர் வீட்டு வரவேற்பறைகளில் போள் வீடு துண்டு துண்டாக அலங்காரமாயிற்று. இதில் கொடுமை யாதெனின், போள் வீடுகளுக்குப் பக்கச் சுவர் பொது. ஒரு வீட்டை இடித்தால் அண்டை வீட்டுக்கு அணைப்புப் போய்விடும். வரிசையில் ஒருவர் விழ, மற்றவரும் சாய்வர்.

நகராட்சி விழித்துக்கொண்டது 1996-இல். அகமதாபாத் மாநகராட்சி தனக்கெனப் பாரம்பரியப் பிரிவு ஒன்றை அமைத்தது. நாட்டில் ஒரு மாநகராட்சி இவ்வாறு செய்தது அதுவே முதல் முறை என்பர். மறு ஆண்டு நவம்பரில் சுவாமிநாராயணர் கோயிலிலிருந்து ஜும்மா மசூதி வரை, போள்களின் ஊடே பார்வையாளரை நடத்திச் செல்லும் காலை நடை தொடங்கியது. முதலில் வேடிக்கை பார்த்த போள்வாசிகள், அயலூரார் தம் வீட்டுக் கதவை நின்று நோக்குவதைக் கண்டு, தாமும் திரும்பி அந்தக் கதவை நோக்கினர். பாரம்பரிய வீட்டை இடிக்குமுன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்தது. பிரெஞ்சு அரசின் ஒத்துழைப்போடு ஆய்வுகள் நடந்தன. பழுதுபார்க்கக் குறைந்த வட்டியில் கடன் தரும் திட்டம் ஒன்றும் வீட்டுவசதிக் கழகமான ஹட்கோவின் உதவியோடு வந்தது. வீட்டை இடிக்காமல் காப்பவர், தாம் கட்டாமல் விட்ட மாடிகளுக்கான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்கலாம் என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் பட்டியலிடப்பட்டன. 2017 ஜூலையில் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, அகமதாபாத்தின் பழைய நகரை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. இந்தியாவில் ஒரு நகரம் முழுமையாக இப்பெருமை பெற்றது அதுவே முதன்முறை. அதே மூச்சில் அக்குழு, தனியார் வசம் உள்ள மரவீடுகளை முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும் என்றும் வற்புறுத்தியது. பட்டம் கிடைத்தபின்னும் வீடுகள் மறைந்துகொண்டுதான் இருந்தன. நிலத்தின் விலை பட்டத்தை மதிப்பதில்லை.

இவை ஏடுகளில் உள்ள வரலாறு. ஒரு வீட்டில் இது எப்படி நடந்தது என்பதை நான் நேரில் கண்டேன். என்னோடு பணியாற்றிய குஜராத்தி நண்பர் ஒருவருக்குக் காடியாவின் உட்புறத்தில் ஏறக்குறைய 150 ஆண்டுப் பழைமையான வீடு இருந்தது. மூன்று சகோதரர்களின் பொதுச் சொத்து. மூத்தவர் வெளிநாட்டில், இளையவர் விற்றுவிடுவோம் என்பவர், நடுவரான என் நண்பரோ தாயாரோடு அங்கேயே வாழ்ந்தவர். கீழ்த்தளத்தில் மாதம் பதினேழு ரூபாய் வாடகைக்கு ஒரு காகிதக் கிடங்கு. விலை பேச வந்த தரகர், வீட்டுக்கு ஒரு தொகையும் மரத்துக்குத் தனியாக ஒரு தொகையும் சொன்னார். மரத்தின் விலை அதிகமாக இருந்தது. தாயார் அதைக் கேட்டுவிட்டு, "வீடு எங்கே, மரம் எங்கே என்று பிரித்துக் காட்டட்டும், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்றாராம்.

விற்பனை நின்றது. கிடங்குக்காரருக்கு ஒரு தொகை கொடுத்து இடத்தை மீட்கவே இரண்டாண்டு ஆயிற்று. அதன் பிறகுதான் வேலை. வந்த கட்டடக் கலைஞர் முதல் மாதம் முழுவதும் எதையும் தொடவில்லை. அளந்தார், வரைந்தார், மழை நாளில் வந்து தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தார். தூண்கள் அடியில் இற்றிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. பழைய தச்சர்கள் தூணைக் கல்பீடத்தின்மேல் நிறுத்தியிருந்தனர், ஈரம் ஏறாதிருக்கும் பொருட்டு. முப்பதாண்டுகளுக்கு முன் யாரோ சிமெண்டுத் தரை போட்டு மட்டத்தை உயர்த்தியபோது பீடம் புதைந்துபோயிற்று. தூண் ஈரத்தில் நின்றது. தரையைப் பெயர்த்தார்கள், பீடம் வெளிப்பட்டது. தூணின் இற்றுப்போன அடிப்பகுதியை மட்டும் அறுத்து, அதே தடிப்புள்ள பழைய தேக்கைச் சாய்வெட்டுப் பொருத்தால் இணைத்தார் ஒரு சுதார் முதியவர். சுதார் என்பது அங்கே தச்சர் குலத்தின் பெயர். புதுத் துண்டில் செதுக்குவேலை செய்ய வேண்டுமா என்று கேட்டதற்கு, 'வேண்டாம். எது அவர்கள் செய்தது, எது நான் செய்தது என்று நாளைக்கு வருபவனுக்குத் தெரிய வேண்டும்' என்றார். அந்தப் பழைய தேக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இடித்த இன்னொரு போள் வீட்டிலிருந்து!

சுவரில் சிமெண்டுப் பூச்சைக் கவனமாகத் தட்டி எடுத்தார்கள். எங்கள் ஊர் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. பழைய செங்கற்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே மூச்சாக விட்டுவிடும். சிமெண்டோ வாயைப் பொத்திவிடும். ஈரம் வேறு போக்கின்றி உத்தர முனைகளை நாடுகிறது, மரம் இற்றுப்போகிறது. சிமெண்டு நல்ல பொருளே, புதுச் சுவருக்கு. நம் நாட்டுக் கொத்தர்கள் சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து நாட்கணக்கில் ஊறவைத்து அரைத்ததை நாம் பழைய பஞ்சாங்கம் என்று எண்ணினோம்.

முகப்பில் பச்சையும் நீலமும் காவியுமாக ஏழெட்டு அடுக்கு எண்ணெய் வண்ணம் இருந்தது. காரத்தில் ஊறவைத்தால் ஒரே நாளில் உரிந்துவிடும். ஆனால் மரமும் வெளிறிச் செதுக்குகளின் கூர்மையும் போய்விடும். ஆகவே வெப்பம் காட்டி, சிறு கரண்டியால், மூன்று மாதம் சுரண்டினார்கள். அடியிலிருந்து கிளிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பின்னர் ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள், வார்னிஷ் இல்லை.

சண்டை வந்தது கழிவறையைப் பற்றித்தான். பழைய போள் வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் கழிவறை என்பது கனவிலும் இல்லாத செய்தி. எண்பது வயதுத் தாயார் இரவில் இரண்டு மாடி இறங்க முடியுமா? கட்டடக் கலைஞருக்கு முகப்பின் ஒழுங்கு முக்கியம். நண்பரின் மனைவிக்குக் கழிவறை முக்கியம். என் வாக்கு அம்மையாருக்கே. பழைய வீட்டைக் காப்பது அதில் வாழ்வோரை வருத்துவதற்காக அன்று. இறுதியில் பின்கட்டில், ஒளி குறைந்த ஓர் அறையை எடுத்து, மரத்தளத்தில் நீர் இறங்காதபடி தனித் தட்டு அமைத்து, குழாய்களைப் பின்சுவர் வழியாக இறக்கினர். குளிர்சாதனப் பெட்டி முகப்பில் தொங்காமல் உள்முற்றப் பக்கம் சென்றது. முற்றத்தை மூடவில்லை, குரங்குக்கு அஞ்சி மேலே இரும்புக் கம்பிவலை மட்டும் போட்டனர். சூடான காற்று அதன் வழியே மேலெழ, தெருவிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருவதை மே மாதப் பிற்பகலில் ஊஞ்சலில் அமர்ந்து நானே உணர்ந்தேன்.

எல்லாப் புதுப்பிப்பும் இப்படி நடப்பதில்லை. வெளிநாட்டு விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே சில வீடுகள் ஒளிபெறுகின்றன. அவற்றுள் சில மிக நேர்மையான வேலை. அந்த வருவாய் இன்றேல் அவை மண்ணாகியிருக்கும். வேறு சிலவற்றில், பழைய சுவரை இடித்துக் கான்கிரீட் எழுப்பி, அதன்மேல் வாங்கி வந்த சாளரங்களை ஒட்டி, பழுப்பு வண்ணம் தீட்டி, 'இருநூறு ஆண்டு வீடு' என்று பலகை தொங்கவிடுகிறார்கள். முதியவருக்கு மை பூசி இளைஞராக்குவதைக் கண்டிருக்கிறோம். இங்கே இளைஞருக்கு நரை பூசுகிறார்கள். குஜராத்திக் கவிஞர் தள்பத்ராம் (1820–1898) வாழ்ந்த வீடு இன்று இல்லை. அது இருந்த இடத்தில் நகராட்சி முகப்பு ஒன்றை மட்டும் எழுப்பி, அதன் முன்னே கவிஞரை வெண்கலத்தில் அமர்த்தியிருக்கிறது. அங்கே வீடு இருந்ததாக யாரும் பொய் சொல்லவில்லை. சிறுவர்கள் கவிஞரின் மடியில் ஏறி விளையாடுகிறார்கள். எனக்கு அந்த முகப்பு அந்தப் பழுப்பு வண்ண வீடுகளைவிட நேர்மையாகத் தோன்றுகிறது.

ஜனவரி 14-ஆம் நாள் குஜராத்தியர்க்கு உத்தராயணம், நமக்குப் பொங்கல். அன்று மேற்குக் கரைக்குக் குடிபோன குடும்பங்களும் போளுக்குத் திரும்பும். நெருங்கிய கூரைகளில் நின்று பட்டம் விடும் இன்பம் அடுக்குமாடியில் இல்லை. சொந்த வீட்டை விற்றுவிட்டவர்கள் பிறர் கூரையை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதும் உண்டு. நண்பரின் வீடு முடிந்த ஆண்டில், மணிநகரில் இருந்த எங்கள் குடியிருப்பிலிருந்து என் மனைவி சர்க்கரைப் பொங்கலைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். விற்றுவிடுவோம் என்ற இளைய தம்பியும் குடும்பத்தோடு வந்திருந்தார். கூரையில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது.

தாயார் மேலே வரவில்லை. நாங்கள் இறங்கியபோது அவர் முற்றத்தில் அமர்ந்து, தொட்டியின் வாயை மூடியிருந்த பித்தளைத் தட்டைத் திறக்கச் சொன்னார். நாற்பதாண்டு தூர்ந்து கிடந்ததைச் சுத்தம் செய்து, கடந்த மழையில்தான் நிரப்பியிருந்தார்கள். சிறிய செப்புக் குடத்தைக் கயிற்றில் இறக்கி நீர் எடுத்து, "பொங்கலுக்குப் பின் இதைக் குடியுங்கள், பேன்" என்று என் மனைவியிடம் நீட்டினார். பேன் என்றால் அங்கே சகோதரி. நீர் குளிர்ந்து, சுவையே இல்லாத சுவையாக இருந்தது.

வாயிலுக்கு வந்தோம். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சாய்வுக் கட்டைகளில், தரையிலிருந்து எட்டும் உயரம்வரை, யாரோ சுண்ணாம்புக் கட்டியால் 1, 2, 3 என்று எண்கள் இட்டிருந்தார்கள். நண்பர் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். "வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிறேன்" என்றார்.